உதவி தேவை: டெலஸ்கோப்பில் சனி வெறும் மங்கலான பொட்டாகத் தெரிகிறது, வளையம் எங்கே?

வெண்பா_அப்பா | டிசம்பர் 28, 2025, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்காக டெலஸ்கோப் வாங்கி, அரைப்பரீட்சை லீவு விட்டதிலிருந்து மொட்டைமாடியில் போராடிக்கொண்டிருக்கிறேன். ஆப் காட்டுகிற இடத்தில்தான் சனி இருக்கிறது, ஆனால் பார்த்தால் மங்கலாக ஒரு வெள்ளைப் பொட்டு, அதுவும் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போய்விடுகிறது, வளையம் என்று எதுவுமே இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் வளையம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. லென்ஸையெல்லாம் துடைத்தும் பார்த்தாயிற்று. பீஸே கோளாறா? ரிட்டர்ன் நாளையோடு முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ரோகிணி_75 | 9:20

என்ன மாடல், எந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்), எந்த ஊர்? லென்ஸ் வகையா கண்ணாடி வகையா? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது சார். லென்ஸைத் துடைத்தேன் என்கிறீர்களே, எதைத் துடைத்தீர்கள்? குழாயின் அடியில் இருக்கும் கண்ணாடியில் மட்டும் துணி வைத்துவிடாதீர்கள், மேலே இருக்கும் அலுமினியப் பூச்சு கீறிவிடும்.

பைனாகுலர்_பாண்டி | 9:24

முதலில் ஒரு 10x50 பைனாகுலர் வாங்கியிருக்க வேண்டும். வானம் பழகாமல் டெலஸ்கோப் வாங்கினால் இப்படித்தான்.

கோட்டைமேடு | 9:31

கொலிமேஷன், அதாவது உள்ளே கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது, போயிருக்கும். கூரியரில் வரும்போது கண்ணாடி அசைந்துவிடும், எனக்கும் அதேதான் நடந்தது. பின்பக்கம் உள்ள மூன்று திருகாணியைச் சரிசெய்யுங்கள், வளையம் வந்துவிடும்.

துருவன் | 9:40

என்ன டெலஸ்கோப் என்றே தெரியாது, அதற்குள் திருகாணியைத் திருகச் சொல்கிறார் ஒருவர். புதியவர்கள் கேள்வி கேட்கும்முன் குறைந்தது குழாயின் மேல் எழுதியிருப்பதையாவது படிக்கலாம். 'D' (விட்டம்) என்று ஒரு எண், 'F' (குவியத் தூரம்) என்று ஒரு எண், மி.மீ.-இல் இருக்கும். அதைப் போடுங்கள். இருபது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெண்பா_அப்பா | 9:58

மன்னிக்கவும், மாடியில் இருந்தேன். D=114, F=900. கண்ணாடி வகை. மதுரை. 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ், அப்புறம் 2x பார்லோ (உருவத்தை இன்னும் இரண்டு மடங்காக்கும் லென்ஸ்). பெரிதாகத் தெரியட்டும் என்று 10-ஐயும் பார்லோவையும் சேர்த்துத்தான் போடுகிறேன். ஸ்டாண்டில் ஒரு எடை தொங்குகிறது.

ரோகிணி_75 | 10:06

சரி, இப்போது பேசலாம். 900-ஐ 10-ஆல் வகுத்தால் 90 மடங்கு, பார்லோ சேர்ந்தால் 180. முதல் நாளே 180-இல் தேடினால் யாருக்கும் கிடைக்காது. தெரிகிற வானம் கால் டிகிரிதான், பூமி சுழல்கிற வேகத்துக்கு ஒரு நிமிஷத்தில் வெளியே போய்விடும். அந்த ஓட்டம் கோளாறு இல்லை. பார்லோவைப் பெட்டியில் வையுங்கள். 25 மட்டும் போட்டால் 36 மடங்கு. அதில் கண்டுபிடித்து, நட்டநடுவில் கொண்டுவந்து, பிறகு 10-க்கு மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால் ஃபைண்டர், அதாவது குழாயின் மேல் இருக்கும் குறிபார்க்கும் சின்னக் கருவி. அதைப் பகலில்தான் சரிசெய்ய வேண்டும். மாடியிலிருந்து யானைமலை உச்சியோ தூரத்துச் செல்போன் டவரோ தெரிந்தால், 25-இல் அதை நடுவில் வைத்து, ஃபைண்டரும் அதே முனையைக் காட்டும்வரை அதன் திருகுகளைத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். படம் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஒளியாண்டு | 10:15

வளையம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வருஷம் மார்ச் 23-இல் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும். நவம்பர் கடைசியில் மறுபடி ஒடுங்கி, இப்போதுதான் மெல்ல விரிய ஆரம்பித்திருக்கிறது. மணியில் ஊசி குத்தியதுபோல ஒரு கோடுதான் இப்போது தெரியும். பெட்டிப் படத்தைப் போல அகலமாகப் பார்க்க 2032 வாக்கில்தான் முடியும். 1612-இல் கலிலியோவே சனியைப் பார்த்துத் திகைத்தார், இரண்டு வருஷம் முன் பக்கத்தில் இருந்தவை காணாமல் போயிருந்தன. அது வளையம் என்று ஹைகன்ஸ் விளக்கியது 1659-இல். ஆகவே நல்ல டெலஸ்கோப்பிலும் இப்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கோட்டைமேடு | 10:19

கோடாவது தெரிய வேண்டுமே? அவர் பொட்டு என்கிறார். கொலிமேஷன்தான்.

பைனாகுலர்_பாண்டி | 10:24

அந்த எடை தொங்கும் ஸ்டாண்ட் இருக்கிறதே, அதுதான் பாதிப் பிரச்சினை. ஈக்குவடோரியல் மவுண்ட் (அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஸ்டாண்ட்) நம் ஊருக்கு ஆகாது. மதுரை 10 டிகிரி அட்சரேகை. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கிறது. துருவ நட்சத்திரமோ அடுத்த தெரு வீட்டுக்குப் பின்னால். ஸ்டாண்டின் அட்சரேகை அளவை 90-இல் வைத்துவிட்டால் மேல் கீழ், இட வலம் என்று சாதாரண ஸ்டாண்டாக வேலை செய்யும்.

துருவன் | 10:33

தவறான வழிகாட்டல். 90-இல் வைத்தால் அந்த மவுண்டின் பயனே போயிற்று. அச்சு வடக்கு பார்த்து 10 டிகிரியில் இருந்தால் ஒரே குமிழைத் திருப்பிக் கோளைப் பின்தொடரலாம், 90 மடங்கில் அது எவ்வளவு வசதி என்று பார்த்தவருக்குத்தான் தெரியும். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பதே இல்லை, வடக்கைத் தோராயமாகப் பிடித்தாலே கண்ணால் பார்க்கப் போதும். கம்பி இடித்தால் முக்காலியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

பைனாகுலர்_பாண்டி | 10:37

குழந்தை பார்க்கப்போகிறது ஐயா. வடக்கைப் பிடித்து எடையைச் சமன்செய்து முடிப்பதற்குள் அது தூங்கிவிடும். டாப்சோனியன் (தரையில் வைக்கும் எளிய ஸ்டாண்ட் கொண்ட டெலஸ்கோப்) வாங்கியிருந்தால் கீழே வைத்துத் தள்ளினால் முடிந்தது.

துருவன் | 10:41

வாங்கிவிட்டவரிடம் வேறு வாங்கு என்று சொல்வது உதவியா?

ரோகிணி_75 | 10:46

இந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், அவருக்கு நாளை கெடு. வெண்பா அப்பா, ஒரு சோதனை. ஏதாவது பிரகாசமான நட்சத்திரத்தை 25-இல் வைத்து, ஃபோகஸ் குமிழை வேண்டுமென்றே நன்றாகத் திருப்பிக் கலையுங்கள். அது பெரிய வட்டமாகும். அந்த வட்டத்தில் என்ன தெரிகிறது?

வெண்பா_அப்பா | 11:08

செய்தேன். வெள்ளை வட்டம் வருகிறது, சின்னதாக, முழுசாக. குமிழைத் திருப்பத் திருப்ப வட்டம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. நிலாவும் பார்த்தோம், பள்ளங்கள் தெரிகின்றன, கொஞ்சம் மங்கல்தான்.

கோட்டைமேடு | 11:10

பக்கமாக நகர்கிறதா? பார்த்தீர்களா, கொலிமேஷன்!

துருவன் | 11:17

இல்லை. உங்கள் வகைக் குழாயில் முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி குறுக்கே நிற்கும். ஃபோகஸ் கலைந்த வட்டத்தின் நடுவே அதன் நிழல் கறுப்பாக விழுந்தே ஆக வேண்டும். உங்களுக்கு நிழலே இல்லை, வட்டமும் நகர்கிறது. அப்படியென்றால் ஒளி ஓரத்தில் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாக மட்டும் வருகிறது. குழாயின் முன்மூடியில் சின்னதாக இன்னொரு மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றியிருக்கிறீர்கள். பெரிய மூடி இன்னும் குழாயில்தான் இருக்கிறது.

ரோகிணி_75 | 11:21

சரியாகப் பிடித்தீர்கள் துருவன் அண்ணா. அந்தச் சின்ன ஓட்டை பௌர்ணமி நிலா கண்ணைக் கூசும்போது பயன்படுத்துவதற்கு. நாலரை சென்டிமீட்டர் ஓட்டை என்றால் வர வேண்டிய ஒளியில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் வரும். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு அதிகபட்சம் 2 மடங்கு என்பது கணக்கு, 45 மி.மீ.க்கு 90 தான் எல்லை. நீங்கள் 180 போட்டிருக்கிறீர்கள். மங்காமல் என்ன செய்யும்? பெரிய மூடியை அப்படியே பிடித்து இழுங்கள், வந்துவிடும்.

வெண்பா_அப்பா | 11:26

வந்துவிட்டது!! சனி இந்நேரம் மேற்கே கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டதே. வேறு எதைப் பார்ப்பது?

ஒளியாண்டு | 11:29

கிழக்கே உயரமாகப் பளிச்சென்று இருப்பது வியாழன். ஜனவரி 10-இல் சூரியனுக்கு நேர் எதிரே வரப்போகிறது, இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. 25-இல் வைத்தாலே பக்கத்தில் வரிசையாக நிலாக்கள் தெரியும், நான்கில் ஒன்று வியாழனுக்கு முன்போ பின்போ மறைந்திருக்கலாம். 10-இல் குறுக்கே இரண்டு பட்டை தெரியும், ஆனால் உடனே தெரியாது, கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிஷம் பாருங்கள். அப்புறம் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் உள்ள நெபுலா, அதாவது வாயு மேகம். நிலா வெளிச்சம் இருக்கிறது, பரவாயில்லை.

வெண்பா_அப்பா | 11:33

நன்றி. இன்னொன்று, பெட்டியில் 'சன்' என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, ஐபீஸில் திருகுவதாம். நாளை பகலில் அதைப் போட்டு மகளுக்குச் சூரியனைக் காட்டலாமா?

ரோகிணி_75 | 11:34

வேண்டாம்! குப்பையில் போடுங்கள். சூரிய ஒளி முழுவதும் குவிகிற இடத்தில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. சூட்டில் விரிசல் விட்டால் கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும்.

துருவன் | 11:35

இதில் பேச்சுக்கே இடமில்லை. சூரிய ஃபில்டர் என்றால் குழாயின் முன்வாய் முழுவதையும் மூட வேண்டும், சூரியனுக்கென்றே தயாரித்த தாளாக இருக்க வேண்டும், ஃபைண்டரையும் கழற்றியோ மூடியோ வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பகலில் சூரியன் பக்கம் போகாதீர்கள்.

பைனாகுலர்_பாண்டி | 11:36

துருவன் சொல்வதுதான் சரி. அந்தக் கண்ணாடியைக் குழந்தை கையில் கிடைக்காமல் இப்போதே உடைத்துப் போடுங்கள்.

வெண்பா_அப்பா | டிசம்பர் 30, இரவு 8:50

ரிட்டர்ன் செய்யவில்லை. 10-இல் சனிக்கு இரண்டு பக்கமும் கோடு தெரிகிறது. கறுப்புக் கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிட்டேன். மகள் வியாழனிடமிருந்து நகர மறுக்கிறாள். எல்லாருக்கும் நன்றி.

கோட்டைமேடு | 9:05

மகிழ்ச்சி. இருந்தாலும் ஒருமுறை கொலிமேஷன் பார்த்துவிடுங்கள்.

தேனி_மலைச்சாரல் | ஜனவரி 3, 2026, மாலை 6:40

இதே பிரச்சினை எனக்கும் இருக்கிறது, மூடி முழுதாகக் கழற்றித்தான் இருக்கிறது. என்ன செய்வது?

ரோகிணி_75 | 6:52

என்ன மாடல், எந்த ஐபீஸ்?