சுமாகோவுக்குப் போவதில் பொருளுண்டா?

வழிப்போக்கன்:
ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கிலுள்ள சுமாகோவுக்குச் சென்று வந்தேன். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலைவழியே இணைத்த நாகாசென்டோ பெருவழியின் 69 தங்கல் ஊர்களில் ஒன்று என்பதால் ஆவலோடுதான் போனேன். ஆனால் மின்கம்பிகள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருப்பதையும், பிரபுக்கள் தங்கிய ஹோன்ஜின் மாளிகையே 1995இல் மீண்டும் கட்டப்பட்டது என்பதையும் அறிந்தபோது, பார்ப்பது ஊரா, நாடகக் கொட்டகைத் திரைச்சீலையா என்ற ஐயம் எழுந்தது.

மலைநாடன்:
ஹோன்ஜின் புதியது என்பது உண்மையே. அதே தெருவிலுள்ள துணை விடுதியான வாகி ஹோன்ஜினை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது 1877இல் கட்டப்பட்டது. முழுக்க ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் ஆனது. எடோ ஆட்சிக் காலத்தில் அந்த மரத்தை வெட்டினால் தலை போகும் என்று கிசோ மக்கள் அஞ்சி வாழ்ந்தார்கள். தடை நீங்கிய பிறகே அந்த வீடு எழுந்தது. பிறகு இருப்புப்பாதை ஊரைத் தொடாமல் ஆற்றோரமாகப் போனதால் வழிப்பயணிகள் நின்றுபோனார்கள், இளைஞர்கள் வெளியேறினார்கள், பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டவும் கையில் காசில்லை. அந்த வறுமைதான் தெருவைக் காத்தது என்று சொன்னால் மிகையாகாது. 1968இல் சீரமைப்புத் தொடங்கியது; 1971இல் ஊர்மக்களே கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்கள். நாட்டின் பாதுகாப்புப் பட்டியலில் ஊர் சேர்ந்தது 1976இல்தான். திரைச்சீலைக்கு யாரும் இப்படிக் கட்டுப்பட மாட்டார்கள்.

வழிப்போக்கன்:
வாகி ஹோன்ஜினைப் பற்றிய தங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் அந்த உறுதிமொழியே எனக்கு நெருடுகிறது. வெளியிலிருந்து ஒரு குடும்பம் வந்து வாழ விரும்பினால் வீடு கிடைப்பது எப்படி? சுமாகோவை உள்ளடக்கிய நாகிசோவின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. பூட்டிய வீட்டின் கூரை எத்தனை மழையைத் தாங்கும்?

மலைநாடன்:
கேள்வி நியாயமானது. ஆனால் விற்கலாம் என்றிருந்தால் வாங்க வருவோர் குடும்பங்களாக இருப்பார்கள் என்று நம்புகிறீர்களா? நினைவுப்பொருள் வணிகர்கள்தான் முதலில் வருவார்கள். அது போகட்டும், அங்கே இரவு தங்கினீர்களா?

வழிப்போக்கன்:
இல்லை. காலை பத்து மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டேன்.

மலைநாடன்:
அப்படியானால் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த முறை அண்டைத் தங்கல் ஊரான மாகோமேயிலிருந்து கணவாய் வழியாக ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நடந்து, மாலையில் ஊருக்குள் இறங்கி, அங்குள்ள குடும்ப விடுதியொன்றில் தங்குங்கள். வழியில் கரடிகளை விரட்டத் தொங்கவிட்டிருக்கும் மணிகளை அடிக்க மறவாதீர்கள்.

வழிப்போக்கன்:
தங்கிப் பார்க்கிறேன். பூட்டிய வீடுகளைப் பற்றிய கேள்வியை மட்டும் விடுதிக்காரரிடமே கேட்டுக்கொள்கிறேன்.