அம்மா குளிப்பது பற்றிப் பேச மட்டும்

நான்: எல்லோரையும் இங்கே தனியாகச் சேர்த்திருக்கிறேன். குடும்பக் குழுவில் அம்மாவும் இருக்கிறார், சித்தப்பா பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். நேற்று அங்கே போன பேச்சு இனி அங்கே வேண்டாம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு செய்தியாகப் படிப்பவர்.

பெரியண்ணன்: நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே. வீடியோ காலில் பார்த்தேன், தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, போன தடவை பார்த்த அதே துணி. வந்து போனவர்கள் பக்கத்தில் உட்கார முடியவில்லை, வாடை வருகிறது என்று என்னிடம் சொல்கிறார்கள். தினமும் குளிப்பாட்ட ஆள் இல்லையா என்றுதான் கேட்டேன்.

சின்ன அண்ணி: ஆள் இருக்கிறது அத்தான். நான்தான் அந்த ஆள். அத்தை வரமாட்டேன் என்கிறார்கள். "இப்போதுதானே குளித்தேன்" என்று அடித்துச் சொல்கிறார்கள். வெந்நீர் எடுத்து வைத்து, மாற்றுத் துணி எடுத்து வைத்துக் கூப்பிட்டால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த விரல்களைப் பிரித்து இழுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

பெரியண்ணன்: நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அம்மாவுடைய பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

அக்கா: அண்ணா, இது பிடிவாதம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் நான் தினமும் பார்ப்பது இதுதான். வயதானவர் குளிக்க மறுத்தால் நூற்றில் ஒருவர்கூட வீம்புக்காக மறுப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. முதலில் பயம். கண்ணை மூடிக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றும்போது நமக்கே ஒரு கணம் தடுமாறும், வயதானவர்களுக்கு நிற்கிற பலமே பாதி கண்ணில்தான் இருக்கிறது, கண்ணை மூடினால் தரை நழுவுவதுபோல் இருக்கும். அம்மா முன்பு ஒரு தடவை குளியலறையில் வழுக்கியிருக்கிறார், அதை மறந்துவிட்டாரா என்ன? அப்புறம் குளிர், அவர்களுடைய தோல் மெலிந்துபோய் உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது. வயதானால் மோப்பமும் குறையும், தன் மேல் வாடை வருவது அவருக்கே தெரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே கூச்சம். நம்மையெல்லாம் குளிப்பாட்டி வளர்த்தவர் மருமகள் முன்னால் துணியில்லாமல் உட்கார வேண்டும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நான்: மறதியும் இருக்கிறது அக்கா. இப்போதுதான் குளித்ததாகச் சொல்வது பொய் இல்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார்.

அக்கா: ஆமாம். அதனால் "இல்லை, நீங்கள் குளிக்கவில்லை" என்று வாதாடவே கூடாது. வாதத்தில் நாம் ஜெயித்தாலும் அவர் குளிக்கப் போவதில்லை. "குளிக்கிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். "இப்போதா, கொஞ்ச நேரம் கழித்தா", "நீங்களே சோப்புப் போட்டுக்கொள்கிறீர்களா, முதுகுக்கு மட்டும் நான் வரட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டால் அப்போதைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வேறு மாதிரி கூப்பிடலாம்.

பெரியண்ணன்: அப்படி விட்டுவிட்டால் தினமும் குளிப்பது எப்படி?

அக்கா: தினமும் தலை முதல் கால் வரை குளிக்க வேண்டிய அவசியமே இல்லை அண்ணா. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை முழுக் குளியல் போதும், அதற்கு மேல் சோப்புப் போட்டால் அந்த வயதில் தோல் வறண்டு அரிக்கும். ஆனால் முகம், கை, அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, மறைவிடம், பாதம், இவற்றைத் தினமும் துடைத்தே ஆக வேண்டும், துடைத்த பிறகு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். மடிப்பில் ஈரம் நின்றால் பூஞ்சைப் புண் வந்துவிடும். வாடை வருவதும் பெரும்பாலும் அந்த இடங்களில் இருந்துதான். மறைவிடத்தைத் துடைக்கும்போது எப்போதும் முன்னால் இருந்து பின்னால், திரும்பி வரக் கூடாது, இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரும். வயதானவர்களுக்கு அந்தத் தொற்று எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் திடீர்க் குழப்பமாகவும் வெளியே தெரியலாம். நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று ஆள் மாறிப் பேசினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்னண்ணன்: அக்கா, இடுப்புக்குக் கீழே ஒரு இடம் சிவந்திருக்கிறது என்று இவள் சொன்னாள். படம் எடுத்து அனுப்புகிறேன், என்னவென்று பார்.

சின்னண்ணன்: 📷 புகைப்படம்

அக்கா: தம்பி, முதலில் அதை அழி. எல்லோருக்கும் என்று போட்டு அழி. நான் பார்த்துவிட்டேன். இனி இந்த மாதிரிப் படம் எடுப்பதாக இருந்தால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எடு, எனக்கு மட்டும் தனியாக அனுப்பு. நாம் பிள்ளைகள்தான், ஆனாலும் அது அவருடைய உடம்பு.

சின்னண்ணன்: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

சின்னண்ணன்: சரி அக்கா. போனில் இருந்தும் எடுத்துவிட்டேன்.

அக்கா: சரி. அந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, அழுத்தம் படாமல் வைத்தால் சரியாகிவிடும். அழுத்தியும் நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நம்மைப் போன்ற மாநிறத்தில் சிவப்பாகவே தெரியாமலும் போகலாம், சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதாவாகவோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. படுத்திருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள். குதிகால், இடுப்பு எலும்பு, முழங்கை, பின்தலை எல்லாவற்றையும் பாருங்கள். குளிப்பாட்டும் நேரம்தான் இதையெல்லாம் பார்க்க நேரம்.

சின்ன அண்ணி: அழுத்திப் பார்த்தேன் அக்கா. வெளுத்துத் திரும்பி வந்தது.

அக்கா: அப்பாடா. அந்த இடத்தில் அழுத்தம் படாமல் இடது பக்கமாகப் படுக்க வையுங்கள்.

சின்னண்ணன்: இன்னொன்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் இவளே செய்கிறாள், குனிந்து குனிந்து இவளுக்கு முதுகு போய்விட்டது. மகன் நான் செய்யலாமா, அம்மாவுக்கு அது சங்கடமாக இருக்குமா என்று தெரியாமல் இத்தனை நாளும் ஒதுங்கியே நிற்கிறேன்.

நான்: அண்ணா, அதை எங்களிடம் ஏன் கேட்கிறாய்? அம்மாவிடம் கேள்.

பெரியண்ணன்: கேட்டால் என்ன சொல்வார், வேண்டாம் என்றுதான் சொல்வார்.

நான்: வேண்டாம் என்றால் வேண்டாம்தான் அண்ணா. ஆனால் யாரும் இதுவரை கேட்கவே இல்லை. நாம் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறோம், அவரிடம் பேசவில்லை. எனக்கு அதுதான் மனசுக்குள் உறுத்துகிறது.

சின்னண்ணன்: கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "காலும் தலையும் நீ தேய்த்துவிடு, மற்றது அவள் பார்க்கட்டும், துண்டை மட்டும் எடுக்காதீர்கள்" என்றார். அவ்வளவு தெளிவாகப் பேசி ரொம்ப நாளாகிறது.

அக்கா: பாருங்கள், அம்மாவே பிரித்துக் கொடுத்துவிட்டார். அப்படியே செய்யுங்கள். பெரிய துண்டாக ஒன்றைத் தோளில் போர்த்தி, ஒன்றை மடியில் போட்டு, அதற்கு அடியிலேயே துடைக்கலாம், எந்த இடத்தைக் கழுவுகிறோமோ அதை மட்டும் விலக்கினால் போதும், குளிரும் தெரியாது. பாதத்தில் இருந்து தொடங்குங்கள், தலை கடைசி. எடுத்தவுடன் தலையில் தண்ணீர் விட்டால் மறதி உள்ளவர்கள் மிரண்டுவிடுவார்கள்.

பெரியண்ணன்: தண்ணீர் நல்ல சூடாக இருக்கட்டும், அம்மாவுக்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டும்.

அக்கா: அது மட்டும் வேண்டவே வேண்டாம் அண்ணா. 37, 38 டிகிரி போதும், உடம்புச் சூடுதான். 60 டிகிரித் தண்ணீர் 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும், அவருடைய தோலுக்கு அதைவிடவும் சீக்கிரம், சுடுகிறது என்று காலை இழுத்துக்கொள்வதற்குள் வெந்துவிடும். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து அப்புறம் வெந்நீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை ஏமாற்றிவிடும். குளிரைப் போக்கத் தண்ணீரைச் சூடாக்க வேண்டாம், அறையைச் சூடாக்குங்கள். கதவு ஜன்னல் சாத்தி, வெந்நீர் ஆவி கொஞ்சம் பரவியதும் அழைத்துப் போங்கள்.

சின்ன அண்ணி: இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியை உள்ளே போட்டு, காலுக்குக் கீழே ரப்பர் பாய் விரித்தோம். அத்தையை உட்கார வைத்து இரண்டு துண்டும் போட்டேன். இவர் கீழே உட்கார்ந்து பாதத்தில் தண்ணீர் விட்டார், விரல் இடுக்கெல்லாம் நிதானமாகக் கழுவினார், அத்தை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோப்புக் கட்டி கையில் நிற்கவில்லை, மூன்று முறை வழுக்கி விழுந்தது. ஒரு பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கி முகம், கழுத்து, மார்பு எல்லாம் அவர்களே தேய்த்துக்கொண்டார்கள். இவரை வெளியே அனுப்பிவிட்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டு மறைவிடத்தையும் அவர்களே கழுவிக்கொண்டார்கள். நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். இத்தனை நாளாக என் கையைத் தட்டிவிட்டதற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. முதுகு மட்டும் நான். தலைக்குப் போவதற்குள் குளிருது என்றார்கள், அதோடு நிறுத்திவிட்டேன்.

அக்கா: நிறுத்தினாய் பார், அதுதான் சரி. தலை நாளை மறுநாள்கூட அலசலாம். "சொன்னால் நிறுத்துவார்கள்" என்று அவருக்குத் தெரிந்தால் அடுத்த தடவை தானாக வருவார். துடைத்த ஈரம் காய்வதற்குள் கை காலில் கிரீம் தடவிவிடு, பாத விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அங்கே ஈரம் தங்கக் கூடாது. குளித்து முடித்தவுடன் எழுந்து நிற்க விடாதே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரத்த அழுத்தம் நிலைக்கட்டும். பல் செட்டை ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுகிறீர்களா?

சின்ன அண்ணி: வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா: வெந்நீரில் வளைந்துவிடும். பச்சைத் தண்ணீர். ஈறையும் நாக்கையும் மெல்லிய துணியால் துடைத்துவிடு, வாய் சுத்தமாக இல்லாவிட்டால் அந்தக் கிருமி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடலாம்.

பெரியண்ணன்: படித்துக்கொண்டே இருந்தேன். இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்யட்டும்? ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டுமா?

சின்ன அண்ணி: ஆள் வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் அத்தான், மறைக்கவில்லை. ஆனால் வந்த அன்றே குளியலறைக்குள் அனுப்ப முடியாது. சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும், தலை வாரிவிடட்டும், அத்தைக்குப் பழகட்டும்.

அக்கா: அதற்கு முன் சுவரில் கைப்பிடி போட வேண்டும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை வாங்கிவிடாதீர்கள், எடை தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். துண்டு போடும் கம்பியும் ஆளைத் தாங்காது. துளையிட்டு முடுக்கியதுதான் வேண்டும். உள்தாழ்ப்பாளையும் எடுத்துவிடுங்கள், வெளியே இருந்து திறக்க வழி இருக்க வேண்டும்.

சின்னண்ணன்: தாழ்ப்பாளை எடுத்தால் அம்மா உள்ளே போகவே மாட்டார் அக்கா.

அக்கா: அதுவும் சரிதான். அப்படியானால் வெளியே இருந்தும் திறக்கிற பூட்டாக மாற்று. யாராவது கதவைத் தட்டாமல் உள்ளே போனால் நானே வந்து சண்டை போடுவேன்.

பெரியண்ணன்: கைப்பிடிக்கும் பூட்டுக்கும் பணம் போட்டுவிட்டேன். சனிக்கிழமை கிளம்பி வருகிறேன், இரண்டு வாரம் இருப்பேன். ராத்திரி பக்கம் மாற்றிவிடுவது என் வேலை, நீங்கள் இரண்டு பேரும் தூங்குங்கள். வாடை பற்றி என்னிடம் சொன்னவர்களுக்கும் போன் பண்ணி, அந்தப் பேச்சை அம்மா காதில் விழுகிற மாதிரி யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சின்னண்ணன்: வா அண்ணா. கைப்பிடி போடுகிறவர் வந்துவிட்டார். அம்மாவையே நாற்காலியில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்திருக்கிறோம். இடது பக்கம் வேண்டாமாம், வலது கைதான் பலம் என்கிறார்.

அக்கா: வலது பக்கமே போடச் சொல்.