கைவிரல் மூட்டுத் தேய்வுக்குச் செயற்கை மூட்டு பொருத்தலாமா?

கேள்வி:
என் தாயாருக்கு 67 வயது. வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டிலும் நடுவிரலின் நடுமூட்டிலும் தேய்வு முற்றிவிட்டதால், பாட்டில் மூடியைத் திருகவும் பொத்தான் போடவும் இயலாமல் வலியால் தவிக்கிறார். ஸ்ப்ளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை), வலிக்களிம்பு, ஸ்டீராய்டு ஊசி எதுவும் நீடித்த பயன் தரவில்லை. முழங்காலுக்குச் செய்வதைப் போல விரலுக்கும் மூட்டு மாற்று செய்ய முடியுமா? அதன்பின் விரல் பழையபடி மடங்குமா?

மறுமொழி 1:
கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன். செய்ய முடியும், ஆனால் எந்த மூட்டு என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். நடுவிரலின் நடுமூட்டுக்குச் சிலிக்கோன் அல்லது பைரோகார்பன் (கரியால் ஆன கடினமான பொருள்) மூட்டு பொருத்துவார்கள். வலி நன்கு குறையும் என்றாலும், விரல் மடங்கும் அளவு பெரும்பாலும் அறுவைக்கு முன்பிருந்ததை ஒட்டியே இருக்கும் என்பதைத் தாயாருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். சுட்டுவிரலாக இருந்தால், எதையாவது கிள்ளிப் பிடிக்கும்போது பக்கவாட்டில் விழும் விசையைச் செயற்கை மூட்டு தாங்குவது கடினம் என்பதால், எலும்புகளை இணைத்து மூட்டை அசையாமல் செய்துவிடுவதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். விரல் நுனி மூட்டுக்கும் பெரும்பாலும் அதுவே வழி.

கட்டைவிரலின் நிலை வேறு. அதன் நுனியில் 1 கிலோ விசையோடு கிள்ளினால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது. அங்கே தேய்வு இத்தனை பேருக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த இடத்தில் டிரப்பீசியம் என்னும் சிறிய எலும்பை அகற்றிவிடுவதே நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள சிகிச்சை. சிலர் அந்த இடைவெளியில் தசைநாணைச் சுருட்டி வைப்பார்கள். அதனால் கூடுதல் நன்மை உண்டு என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பந்துக்கிண்ண வடிவச் செயற்கை மூட்டும் உண்டு. அதில் கை விரைவாகப் பழக்கத்துக்கு வரும். ஆனால் மூட்டு நழுவவோ தளரவோ வாய்ப்பிருப்பதால், பின்னாளில் மறு அறுவை தேவைப்படலாம்.

மறுமொழி 2:
எனக்கு டிரப்பீசியம் எலும்பை அகற்றினார்கள். எலும்பை எடுத்துவிட்டால் விரல் நிற்குமா என்று மிகவும் அஞ்சினேன். நிற்கிறது, வலியும் போய்விட்டது. ஆனால் கட்டுப் பிரித்தவுடன் நலம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பிடிப்பு வலுவடையப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் வீட்டு வேலைகளில் தாயாருக்கு உதவ ஒருவர் இருப்பது அவசியம்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மூட்டுகளையும் ஒரே முறையில் செய்துவிடலாமா?

மறுமொழி 1:
அதை அறுவை செய்யும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கட்டைவிரலுக்குப் பல வாரங்கள் ஓய்வு தேவை. நடுவிரலையோ சில நாள்களிலேயே மடக்கிப் பழக வேண்டும். இரண்டும் ஒரே கையில் என்பதால், எந்த வலி அவரை அதிகம் முடக்குகிறதோ அதை முதலில் செய்யலாமா என்று கேளுங்கள்.