ரிசர்வ் டிரைவர் சீட்டும் விலைக்குத்தானா?

பிட்லேன் பாண்டி

"எஃப் 1-ல் ரிசர்வ் டிரைவர் எல்லாருமே காசு கட்டி உட்கார்ந்தவர்கள்தான்" என்று நேற்று கோவைக்காரன் வேறொரு இழையில் போகிற போக்கில் எழுதியிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால் தனியாகவே பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன். ரிசர்வ் டிரைவர் என்றால், ஃபார்முலா 1 டீமின் ஓட்டுநர் ஒருவரால் ஓட்ட முடியாமல் போனால் அவர் இடத்தில் இறங்கக் காத்திருப்பவர். 2024-ல் ஜெட்டா பந்தயத்தின்போது ஃபெராரி ஓட்டுநர் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. ஃபெராரி கூப்பிட்டது பதினெட்டு வயது ஆலிவர் பேர்மனை. எஃப் 1-க்கு ஒரு படி கீழே உள்ள எஃப் 2-வில் முதல் இடத்திலிருந்து கிளம்ப வேண்டியவன், அதை விட்டுவிட்டு வந்தான். கிடைத்தது ஒரே ஒரு பிராக்டிஸ். தகுதிச் சுற்றில் 11-ஆவது, பந்தயத்தில் 7-ஆவது. இப்படி ஒரு நாளில் காரை நம்பிக் கொடுக்க வேண்டிய இடத்தை ஃபெராரி ஏலம் விடுமா?

கோவைக்காரன்

பாண்டி அண்ணே, ஃபெராரியை வைத்து எல்லா டீமையும் அளக்காதீர்கள். 2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம சென்னை கருண் சந்தோக் ஹிஸ்பானியா டீமில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர் சகோன் யமமோட்டோ அங்கே ரிசர்வாக வந்து சேர்ந்தார். சில்வர்ஸ்டோனில் டீமின் இன்னொரு ஓட்டுநர் புருனோ சென்னாவின் காரில் ஏறினார். அடுத்து ஜெர்மனியில் கருணின் கார் அவர் கைக்குப் போனது. கருண் அந்த ஆண்டு திரும்ப ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. யமமோட்டோவை வேகத்துக்காக எடுத்தார்கள் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மறு வருடம் அதே டீமில் நரேன் கார்த்திகேயன். பாதியில் அவரை இறக்கிவிட்டு ரிச்சியார்டோவை ஏற்றினார்கள், ரெட் புல் கம்பெனி பின்னால் நின்றது. நம்ம ஊர்க்காரர்கள் இரண்டு பேர், இரண்டு வருடம், ஒரே கதை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிட்லேன் பாண்டி

கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நரேனும் 2005-ல் ஜோர்டான் டீமுக்கு டாடாவின் ஆதரவோடுதானே போனார்? ரிச்சியார்டோ தன் பையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் தேறுவான் என்று நினைத்த கம்பெனி கொடுத்தது. 1991-ல் ஸ்பாவில் ஷூமாக்கரை ஏற்ற ஜோர்டான் டீமுக்கு மெர்சிடிஸ் பணம் கொடுத்தது. அவரைக் காசு கட்டி வந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

கியர்பாக்ஸ்

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முன்பெல்லாம் ரிசர்வாக இருந்த டெஸ்ட் டிரைவர் என்றால் உழைப்பாளி. ஃபெராரிக்கு பதோயர், மெக்லாரனுக்கு வூர்ட்ஸ், டி லா ரோசா. பந்தயம் இல்லாத நாட்களில் டிராக்கில் சுற்றிச் சுற்றியே காரைச் சரிசெய்து கொடுத்தார்கள். டீமுக்கு அந்த உழைப்பு தேவைப்பட்டது, சம்பளம் கொடுத்தது. கூப்பிட்டபோது சாதித்தும் காட்டினார்கள்: 2005 இமோலாவில் வூர்ட்ஸ் 3-ஆவது, 2006 ஹங்கேரியில் டி லா ரோசா 2-ஆவது. 2009-ல் சீசனுக்கு நடுவே டெஸ்டிங் நின்றது. அதே ஆண்டு ஃபெராரியின் மாசாவுக்கு அடிபட்டு பதோயரை ஏற்றினார்கள். அந்தக் காரில் பழகவே வழியில்லாத மனிதர், இரண்டு பந்தயத்திலும் கடைசியாக வந்தார்.

அப்புறம் வேலை சிமுலேட்டருக்குப் போய்விட்டது, நிஜக் காரில் உட்காரும் நேரம் அரிதாகிவிட்டது. அரிதான பொருளுக்கு விலை வரத்தான் செய்யும். சின்ன டீம்கள் விற்றது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக் காலைப் பிராக்டிஸ் நேரத்தைத்தான். ரிசர்வ் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கோவைக்காரன்

அதைத்தானே நானும் சொல்கிறேன்! சாபர் டீமை மறந்துவிட்டீர்களா? 2014-ல் வான் டெர் கார்டே அங்கே ரிசர்வ். மறு வருடம் ஓட்டுவதற்கு ஒப்பந்தம், ஸ்பான்சர் பணமும் முன்கூட்டியே போய்விட்டது. சீட்டை வேறு இருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மனுஷன் மெல்போர்னில் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். அப்படியும் கார் கிடைக்கவில்லை, பணம் வாங்கிக்கொண்டு விலகினார்.

என் அக்கா மகன் கார்ட்டிங் (சின்னப் பந்தய வண்டி) ஓட்டினான். பிராக்டிஸ் முழுக்கப் பழைய டயர்தான். புது செட்டை மாமா வேனில் போர்வை போட்டு மூடி வைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு மட்டும்தான் எடுப்பார். பிறகு ஃபார்முலா காருக்காக வெளிநாட்டு டீம் ஒன்றுக்கு எழுதினோம். வந்த பதிலில் அவன் லேப் டைமைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்ஜெட் எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தார்கள். ரிசர்வ் சீட்டில் இருப்பவர்கள் எல்லாம் அந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவர்கள்தானே அண்ணே?

பிட்லேன் பாண்டி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது எஃப் 1-க்கு ஏறும் ஏணியின் விலை தம்பி, ரிசர்வ் சீட்டின் விலை இல்லை. டச்சு ஓட்டுநர் டி வ்ரீஸ் 2018 எஃப் 2 சீசனுக்கு 2,50,000 யூரோ கடன் வாங்கித்தான் ஓட்டினார். அந்தக் கடன் கோர்ட் வரை போனது. ஆனால் மெர்சிடிஸ் அவரை ரிசர்வாக எடுத்தது, எஃப் 2-வில் சாம்பியன் ஆனவர் என்பதற்காக. 2022 மோன்சாவில் வெள்ளிக்கிழமை ஆஸ்டன் மார்ட்டின் காரில் பிராக்டிஸ், சனிக்கிழமை வில்லியம்ஸ் ஓட்டுநர் ஆல்பனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் வில்லியம்ஸ் கார். அந்தக் காரில் அதிகம் பழகாதவர், 9-ஆவதாக வந்து 2 புள்ளி எடுத்துக் கொடுத்தார். கடன் வாங்கினால் காலேஜ் சேரலாம், வேலை தானாக வராது.

கியர்பாக்ஸ்

போலந்துக்காரர் குபிட்சாவை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? 2020-ல் ஆல்ஃபா ரோமியோவுக்கு ரிசர்வாக வந்தார், கூடவே அவர் நாட்டு ஓர்லென் கம்பெனியின் பெயர் டீம் பெயரிலேயே ஏறியது. அவர் வராமல் அந்தப் பணம் வந்திருக்காது. ஆனால் 2021-ல் டீமின் ஓட்டுநர் ரைக்கோனனுக்குக் கோவிட் வந்தபோது சான்ட்வோர்ட்டிலும் மோன்சாவிலும் இறங்கி, இரண்டையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தவரும் அவரே.

பிட்லேன் பாண்டி

அவர் எஃப் 1-ல் பந்தயம் ஜெயித்தவர். வெறும் ஸ்பான்சருக்காக என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஸ்பான்சரே இல்லாவிட்டாலும் எடுத்திருப்பார்கள் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோவைக்காரன்

சரி. நேற்றைய பதிவில் 'எல்லாருமே' என்பதை எடுத்துவிட்டு 'சின்ன டீம்களில் பலர்' என்று மாற்றிவிட்டேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

பிட்லேன் பாண்டி

அப்படி எழுதியிருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். உங்கள் அக்கா மகன் இப்போதும் ஓட்டுகிறானா?

கோவைக்காரன்

இல்லை அண்ணே. போன வருடம் கார்ட்டை விற்றுவிட்டோம். வாங்க வந்தவருக்கு அந்தப் போர்வைக்குள் இருந்த டயர் செட்டையும் மாமா சேர்த்தே கொடுத்துவிட்டார்.