புதுப்பிப்பு: மாதர் சங்கத்துக்கு மலிவான கூட்ட அழைப்பு

திருகோணமலையில் எங்கள் சிறிய மாதர் சங்கத்துக்கு, மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கத்து உறுப்பினர்களோடு போனிலேயே கூட்டம் வைக்க மலிவான வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான்.

ஆஸ்டரிஸ்க் (கணினியையே தொலைபேசி நிலையமாக்கி அழைப்புகளை இணைக்கும் மென்பொருள்) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. மென்பொருள் இலவசம்தான், ஆனால் லைனுக்குக் கட்டணம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று இழுத்துக்கொண்டே போகும். எங்களுக்குத் தோதுப்படாது.

கடைசியில் கையில் இருந்ததே போதும் என்றாயிற்று. சாதாரண போனில் அழைப்புகளை இணைத்தால் வழமையாக அழைப்பவரைத் தவிர 5 பேர் சேரலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் அழைப்பவருக்குத் தனித்தனியே காசு போகும் என்பதால், செயலாளரின் சிம்முக்கு எல்லா நெட்வொர்க்குக்கும் கதைக்கிற மாதப் பக்கேஜ் போட்டோம். ஸ்மார்ட்போன்காரர் வட்ஸ்அப் குழு அழைப்பில். அதில் 32 பேர் வரை.

இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கேட்க, சாதாரண அழைப்புப் போனையும் வட்ஸ்அப் போனையும் மேசையில் அருகருகே வைத்து ஸ்பீக்கர் போட்டால் எதிரொலி காதைப் பிய்க்கும். பேச்சு எந்தப் போனில் வருகிறதோ அதன் மைக்கை அணைத்துவிட்டால் சரி. மேலே ஓடும் மின்விசிறியையும்தான்.

அப்புறம், நடுவில் யாராவது வேறு அழைப்பை எடுத்தால் ஹோல்ட் பாட்டு எல்லார் காதிலும் ஓடுகிறது. கோல் வெயிட்டிங்கை நிறுத்தி வையுங்கள்.