ஹைட்ரன்டில் இருந்து நீர் எடுக்கும் வாகனத்தால் வீட்டுக் குழாய்நீர் மாசுபடுமா?

மூலைவீட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். எங்கள் வீதியின் முடிவில் புதிய வீடுகள் கட்டி முடித்திருக்கிறார்கள். முற்றங்களில் புல் வளர்ப்பதற்காக விதை, காகிதக்கூழ், உரம், பசை, பச்சைச் சாயம் ஆகியவற்றை நீரில் கரைத்து நிலத்தின் மேல் பீச்சியடிக்கும் வாகனம் ஒன்று இரண்டு கிழமைகளாக வந்து போகிறது. அது தனக்கு வேண்டிய நீரை எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் தீயணைப்பு ஹைட்ரன்டில், அதாவது தீயணைப்பு வண்டிகள் நீர் எடுக்கும் வீதியோரக் குழாய்த்தூணில், இருந்துதான் எடுக்கிறது.

கடந்த செவ்வாய்க்கிழமை மேல்மாடி யன்னலில் இருந்து பார்த்தபோது, ஹைட்ரன்டில் பூட்டிய தடித்த ஹோஸ் நேராக அந்த வாகனத்தின் மேல்மூடி வழியாகத் தாங்கிக்குள் இறக்கப்பட்டிருந்தது. அதன் முனை பச்சைக் கரைசலுக்குள் மூழ்கிக் கிடந்தது. ஹைட்ரன்டுக்கும் ஹோஸுக்கும் இடையில் வேறு எந்தக் கருவியும் இல்லை. அரை மணி நேரம் கழித்து, தேநீருக்காக அம்மா கேத்திலில் பிடித்த நீர் வெளிறிய மண்ணிறமாக இருந்தது. நான் வெளியே போய் அந்த வேலையாளிடம் கேட்டேன். "தண்ணீர் ஹைட்ரன்டில் இருந்து வெளியேதான் வரும், உள்ளே போகாது" என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

அது உண்மைதானா? அந்த மண்ணிறத்துக்கும் பச்சைக் கரைசலுக்கும் தொடர்பு இருக்குமா? வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மாவும் கைக்குழந்தையும் இருப்பதால், தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குழாய்த்துறைக்காரன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஒன்ராறியோவில் ஒரு சிறிய நகரசபையின் நீர்வழங்கல் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நீங்கள் கண்டவை இரண்டு தனித்தனி விடயங்கள்.

மண்ணிறம் பெரும்பாலும் குழாய்க்குள் படிந்திருக்கும் இரும்பு, மங்கனீசு ஆகியவற்றின் படிவுதான். ஹைட்ரன்டைச் சட்டென்று திறந்தால் பிரதானக் குழாயில் நீரின் வேகம் பல மடங்கு கூடி, அடியில் கிடக்கும் படிவு கலங்கிவிடும். வீட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள குளிர்நீர்க் குழாயைத் தெளியும் வரை ஓட விடுங்கள். அதுவரை சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டாம். திறந்தால் கலங்கல் சுடுநீர்த் தாங்கிக்குள் போய்ப் படியும். வெள்ளைத் துணிகளையும் அன்று துவைக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் யன்னலில் இருந்து பார்த்த காட்சிதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த வேலையாள் பொய் சொல்லவில்லை. தான் தினமும் பார்ப்பதைச் சொல்லியிருக்கிறார். நீருக்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாது. அழுத்தம் கூடிய பக்கத்தில் இருந்து குறைந்த பக்கத்துக்கு அது போகும், அவ்வளவுதான்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். அந்த வாகனத்தின் தாங்கியில் நீர்மட்டம் தரையில் இருந்து 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இங்கே பனியில் உறையாமல் இருக்கப் பிரதானக் குழாயை ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்தில் புதைப்பார்கள். இரண்டும் சேர்ந்து 5 மீட்டர், அதாவது 50 கிலோபாஸ்கல். வீதிக் குழாயில் வழக்கமாக 350 முதல் 480 கிலோபாஸ்கல் வரை அழுத்தம் இருக்கும் என்பதால் சாதாரண நாளில் நீர் தாங்கியை நோக்கித்தான் ஓடும். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு பிரதானக் குழாய் வெடித்தாலோ, பெரிய தீ ஒன்றுக்காக அடுத்தடுத்த ஹைட்ரன்டுகளை முழுவதும் திறந்தாலோ, அழுத்தம் சரசரவென்று விழும். அது அந்த 50க்குக் கீழே போகும் கணத்தில், கரைசலுக்குள் மூழ்கிய ஹோஸ் உறிஞ்சுகுழாயாக மாறி, உரமும் சாயமும் கலந்த நீரை உங்கள் வீதிக் குழாய்க்குள் இறக்கிவிடும். வாகனத்தின் பம்பு அந்த நீரெடுப்புக் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வீதிக் குழாயில் அழுத்தம் குறையாமலே, பம்பின் கூடுதல் அழுத்தத்தால் கரைசல் உள்ளே தள்ளப்படலாம்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. மிக எளியதும் மிக நம்பிக்கையானதும் காற்று இடைவெளி: ஹோஸின் வாய், தாங்கி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும்; எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நடுவில் காற்று இருக்கும்போது உறிஞ்சுவதற்கு நீர் கிடைக்காது. மற்றது, ஹைட்ரன்டின் வாயிலேயே பொருத்தும் பின்னோட்டத் தடுப்பான். உரமோ வேதிப்பொருளோ கலக்கும் வேலைக்கு ஆர்.பி. என்று நாங்கள் அழைக்கும் வகைதான் ஏற்றது. அதில் ஒருவழி வால்வுகள் இரண்டும், அவற்றுக்கு நடுவில் ஒரு வடிகால் வால்வும் இருக்கும். உள் வால்வுகள் கசிந்தாலும் அழுக்கு நீர் குழாய்க்குள் போகாமல் அந்த வடிகால் வழியாகத் தரையில் கொட்டிவிடும். கனடாவில் இவற்றைத் தெரிவு செய்வதற்கும் பொருத்துவதற்கும் சி.எஸ்.ஏ. பி64.10 என்ற தரவிதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் அதைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வால்வின் ரப்பரில் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும், அது முழுமையாக மூடாது.

ஹைட்ரன்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நிற்பவை உலர் தண்டு வகை. நீங்கள் காணும் சிவப்பு அல்லது மஞ்சள் தண்டுக்குள் நீர் நிற்காது. வால்வு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மூடியதும் தண்டின் அடியில் உள்ள சிறிய வடிகால் துளைகள் திறந்து, மிச்ச நீரை மண்ணுக்குள் விட்டுவிடும். உச்சியில் உள்ள ஐங்கோண நட்டைப் பாதி மட்டும் திருப்பி நீரைக் குறைத்து எடுத்தால் அந்தத் துளைகளும் பாதி திறந்திருக்கும். நீர் பீறிட்டு மண்ணை அரிக்கும். அதே வேளை அழுத்தமும் விழுந்தால், சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதே துளை வழியாக உள்ளே வரவும் கூடும். ஆகவே ஹைட்ரன்டை முழுவதும் திறக்க வேண்டும் அல்லது முழுவதும் மூட வேண்டும்; அளவைக் குறைக்க வாயில் தனி வால்வு போட வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் தொடக் கூடாது என்று நாங்கள் சொல்வது அதிகாரம் காட்டுவதற்காக அல்ல.

உடனே நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து, இடம், நேரம், வாகனத்தின் நிறம், ஹோஸ் மூழ்கியிருந்தது, இடையில் கருவி இல்லாதது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு பண்ணைச் சாணக் கழிவு கிணற்றுக்குள் கலந்து 7 பேர் இறந்த பிறகு, இந்த மாகாணத்தில் இப்படிப்பட்ட அழைப்பை யாரும் இலகுவாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் வரும் வரை குழந்தைக்குப் போத்தல் நீரைக் கொடுங்கள். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உரமும் சாயமும் போகா, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

பழைய தீயணைப்பாளன் எழுதியது:

மேலே தம்பி எழுதியது ஒவ்வொன்றும் சரி. அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இது ஏட்டில் மட்டும் உள்ள அபாயம் அல்ல என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான்.

மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரி இருக்கிறது. 1969ஆம் ஆண்டு அதன் அமெரிக்கக் கால்பந்து அணி பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களை மட்டுமே ஆட முடிந்தது. வீரர்களும் பயிற்றுநர்களுமாக 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் நோய் தொற்றியிருந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் பயிற்சித் திடலின் நீர்க்குழாயில் போய் நின்றார்கள். திடலுக்கு நீர் பாய்ச்சும் குழாய்முனைகள் தரைமட்டத்துக்குக் கீழே குழிகளில் இருந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கே விளையாடினார்கள். அவர்களில் சிலருக்கு அந்த நோய் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் நகரில் ஒரு தீ மூண்டது. அதை அணைக்க ஹைட்ரன்டுகளில் இருந்து பெருமளவு நீர் எடுக்கப்பட்டபோது குழாயில் அழுத்தம் விழுந்து, குழிகளில் தேங்கியிருந்த அழுக்கு நீர் உறிஞ்சப்பட்டு, வீரர்கள் குடிக்கும் குழாய்க்குப் போய்விட்டது. தீயை அணைத்தவர்கள் மீது ஒரு பிழையும் இல்லை. திடலின் குழாயில் ஒரு பின்னோட்டத் தடுப்பான் இருந்திருந்தால் அந்தத் தீக்கும் அந்த அணிக்கும் எந்தத் தொடர்பும் ஏற்பட்டிருக்காது.

எங்கள் பக்கத்துப் பிழையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வட கரோலினாவின் சார்லட் நகரில் 1997ஆம் ஆண்டு, தீயணைப்பு வண்டி ஒன்றில் இருந்து தீயணைப்பு நுரைக் கரைசல் ஹைட்ரன்ட் வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் தள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் நீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எங்கள் வண்டியின் பம்பு 1,000 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் கொடுக்கும். அதற்கு முன்னால் வீதிக் குழாயின் 400 எம்மாத்திரம்? தீ எரியும்போது ஹைட்ரன்டில் தடுப்பான் போட்டால் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால், தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் அது இல்லாமலே இணைக்கப்படும். ஆகவே முழுப் பொறுப்பும் பம்பு இயக்குபவரின் கையில் இருக்கிறது: நுரைத் தாங்கியின் வால்வை மூடிய பிறகே மற்றதைத் தொட வேண்டும், குளத்து நீரையும் ஹைட்ரன்ட் நீரையும் ஒரே பம்பில் ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது.

அடையாறு வாசகி எழுதியது:

சென்னையில் இருந்து எழுதுகிறேன். மெட்ரோ வாட்டர் நிரப்பு நிலையத்தில் லாரி நிற்கும்போது உயரத்தில் உள்ள குழாயில் இருந்து நீர் லாரியின் வாய்க்குள் விழுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளிக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. ஒரு சந்தேகம். எங்கள் அடுக்ககத்தில் தெருக் குழாயின் இணைப்பு நேராகத் தரைக்கீழ்ச் சம்பின் அடிவரை இறங்குகிறது. எங்களுக்கு நீர் நாள் முழுவதும் வருவதில்லை. வராத நேரத்தில் சம்பு நீர் தெருக் குழாய்க்குத் திரும்பிப் போகுமா?

குழாய்த்துறைக்காரன் எழுதியது:

போகலாம், அம்மா. ஸ்காபரோவில் எப்போதாவது நடக்கக் கூடியது, விட்டு விட்டு நீர் வரும் ஊரில் ஒவ்வொரு நாளும் நடக்கக் கூடியது. தெருக் குழாய் காலியாகும்போது சம்புக்குள் மூழ்கிய முனை வழியாக நீர் திரும்பும். தெருக் குழாயின் விரிசல்கள் வழியாக மண்ணில் உள்ள சாக்கடையும் உள்ளே வரும். இணைப்பில் நேரடியாக மோட்டார் பூட்டி இழுப்பது இதை இன்னும் மோசமாக்கும். உள்வரும் குழாயை வெட்டி, சம்பு வழியும் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி மாற்றி, ஒரு மிதவை வால்வு போடச் சொல்லுங்கள். ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலைதான்.

மூலைவீட்டுக்காரி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. 311க்கு அழைத்த மறுநாளே ஒருவர் வந்தார். ஹைட்ரன்டைத் திறந்து நீர் தெளியும் வரை ஓட விட்டார். எங்கள் சமையலறையிலும் வெளிக் குழாயிலும் நீர் பிடித்து, ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் தூள் போட்டுக் குலுக்கினார். அது இளஞ்சிவப்பாக மாறியது. நிறம் வருவது குளோரின் மிச்சம் இருப்பதன் அறிகுறி என்றும், அழுக்கு ஏதும் புகுந்திருந்தால் அதோடு போராடிக் குளோரின் குறைந்திருக்கும் என்றும் விளக்கினார். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியிலும் குறை எதுவும் இல்லை என்று இன்று சொன்னார்கள். ஒப்பந்தக்காரருக்கு ஹைட்ரன்டைப் பயன்படுத்த அனுமதியே இருக்கவில்லையாம்.

இப்போது அனுமதியோடு வந்திருக்கிறார்கள். ஹைட்ரன்டில் மீட்டரும் பித்தளைக் கருவியும் பூட்டியிருக்கிறது. தாங்கியின் வாய்க்கு மேலே வளைந்த இரும்புக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பித்தளைக் கருவியின் அடியில் இருந்து அவ்வப்போது நீர் சொட்டுகிறது. அது பழுதா?

குழாய்த்துறைக்காரன் எழுதியது:

நீரைத் திறக்கும்போதும் நிறுத்தும்போதும் கொஞ்சம் சொட்டினால் அது பழுதல்ல. வடிகால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் உள் வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது கருவியைக் கழற்றிச் சோதிக்கும் வரை அந்த ஹைட்ரன்டில் நீர் எடுக்கக் கூடாது. மீண்டும் 311க்கு அழையுங்கள், அக்கா.