டயாஜெனிசிஸ்: 'எலும்புச் சிதைவு' போதுமா?

> டயாஜெனிசிஸ் = எலும்புச் சிதைவு. சொற்பட்டியலில் இப்படியே சேர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. டயாஜெனிசிஸ் என்பது புதைந்த எலும்பில் மண்ணும் நீரும் நுண்ணுயிரும் உண்டாக்கும் மாற்றம். சிதைவு என்றால் இழப்பு மட்டும்தான் கண்ணில் படும். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு இழக்கவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. நுண்ணுயிர் தின்று கொலாஜன் என்ற எலும்புப் புரதம் குறைகிறது. நிலத்தடி நீரிலிருந்து கார்பனேட்டும் ஸ்ட்ரான்சியமும் தாதுப் பகுதியில் ஏறுகின்றன. தாவரம் மக்கி மண்ணில் உண்டாகும் ஹியூமிக் அமிலம் கொலாஜனோடு ஒட்டிக்கொள்கிறது. பண்டைய உணவைக் கணிக்கும்போது நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த வரவுதான்.

அந்தக் கணிப்புக்குக் கொலாஜனைப் பிரிக்க, எலும்புத் துண்டை 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்நிலையில் ஊறவைத்துத் தாதுவைக் கரைப்பார்கள். துண்டு ரப்பராக வளைந்தால் கரைந்து முடிந்தது. ஹியூமிக் கறை தெரிந்தால் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு கழுவல். பிறகு பிஎச் 3 நீரில் 70 டிகிரியில் 48 மணி நேரம் வைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்துவார்கள். புது எலும்பின் எடையில் ஏறக்குறைய 20% கொலாஜன்; 1 சதவீதத்துக்குக் கீழே போனால் முடிவை நம்புவதில்லை. அதைத் தாண்டினாலும் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் நிற்க வேண்டும்.

ஹியூமிக் கலந்தால் விகிதம் ஏறும். சி3 தாவரம் (நெல், கோதுமை போன்றவை) மக்கிய மண் என்றால் கார்பன்-13 மதிப்பும் (கனமான கார்பனின் பங்கு, ஒரு தரநிலையோடு ஒப்பிட்டு ‰ அதாவது ஆயிரத்தில் சொல்வது) கீழிறங்கும். சி4 பயிரை (சோளம், கம்பு போன்றவை) மட்டுமே உண்டவரின் கொலாஜன் −7.5‰ அருகில் இருக்க வேண்டியது, −21.5‰ என்ற சி3 பக்கம் நகர்ந்துவிடும். 'சிதைவு' என்று படித்த மாணவர், துண்டு கெட்டியாக இருக்கிறதே என்று இதைத் தவறவிடுவார்.

என் பரிந்துரை: புதைமாற்றம்.

> புதைமணல் மாதிரி, 'புதைக்கும் மாற்றம்' என்று படித்துவிட மாட்டார்களா?

புதைபொருள் இருக்கிறதே அம்மா, அதை யாரும் புதைக்கும் பொருள் என்று படிப்பதில்லை. வாக்கியத்திலும் இடறவில்லை: 'பல் எனாமலில் புதைமாற்றம் குறைவு, ஸ்ட்ரான்சியம் அளக்க எலும்பைவிட அதுவே மேல்.'

> புதையுமுன் வெயிலில் வெடித்த எலும்பு?

அது வானிலைச் சிதைவு. அங்கே அந்தச் சொல் சரி. படிவு பாறையாக இறுகுவதையும் நிலவியலில் டயாஜெனிசிஸ் என்பார்கள்; அந்தப் பொருளுக்கும் 'புதைமாற்றம்' என்பதையே நீட்ட வேண்டாம்; நிலவியலுக்குத் தனிப் பதிவு போடுவோம்.

> ஏற்கிறேன். ஆனால் 'புதைமாற்றமுறாத கொலாஜன்' நாக்கில் புரளவில்லை.

'மாறாக் கொலாஜன்' போதும். இடம் பார்த்தே பொருள் புரியும்.